வாறுகால் தண்ணீரில் பறவைக் குட்டை: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஊர்க் கடைசியில் வாறுகால் (சாக்கடை வாய்க்கால்) வந்து தேங்கும் பள்ளத்தைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பவளக்கால் உள்ளான் பத்துப் பதினைந்து நிற்கும். ஓரத்தில் மடையான் ஒடுங்கியிருக்கும். மேட்டில் உண்ணிக்கொக்கு. "இவ்வளவு பறவை வருகிறதே, தண்ணீர் அவ்வளவு மோசமில்லை போல" என்று தோன்றும். அந்தக் கணக்கு தப்பு. ஆக்சிஜனே இல்லாத சாக்கடைச் சேற்றிலும் ரத்தச் சிவப்பான ஒருவகைப் புழு கொத்துக்கொத்தாகப் பெருகும். உள்ளான் அதைத் தின்ன வருகிறது. தின்றுவிட்டுப் போகும். முக்குளிப்பான், இலைக்கோழி, தும்பி, தவளை இவை அங்கே குடியிருக்காது. பறவை கூடும் இடம் எல்லாம் பறவை வாழும் இடம் ஆகிவிடாது.

கழிவுநீரைச் செடிகளுக்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, அதே இடத்தில் பறவைக்கும் தவளைக்கும் இடம் கொடுக்க முடியும். அமெரிக்காவின் ஆர்க்காட்டா ஊரில் 1980-களிலிருந்து நகரக் கழிவுநீர் சதுப்பு வழியே போகிறது. அங்கே பறவை பார்க்கவே ஆள் வருகிறார்கள். நெல்லைப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்தோ, விடுதியுள்ள பள்ளியோ, கல்லூரியோ சிறிய அளவில் இதைச் செய்ய நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்பதே இந்தக் கட்டுரை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி: அழுக்கு எடுக்கும் பாத்தி வேறு, பறவைக் குட்டை வேறு. முன்னதில் பறவையை இழுக்காதீர்கள். பின்னதில் அழுக்கை விடாதீர்கள். இரண்டையும் ஒரே பள்ளத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்த இடங்களில்தான் செத்த வாத்தும் கொசுவும் மிஞ்சுகின்றன.

முதலில் தண்ணீரை விசாரியுங்கள்

மண்வெட்டியைத் தொடுமுன் வாறுகால் நெடுக நடந்து, அதில் யார் யார் என்ன விடுகிறார்கள் என்று எழுதுங்கள். குளியல், சமையல், துணி துவைத்த தண்ணீரும், செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரும் என்றால் செடிகள் பார்த்துக்கொள்ளும். நெல் அவிக்கும் ஆலைத் தண்ணீர் வந்தால் சுமை பல மடங்கு ஏறும். ஊர்க் கழிவுக்குப் போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒர்க்‌ஷாப் எண்ணெய், பேட்டரிக் கடை அமிலம், சாயத் தண்ணீர், மருத்துவமனைக் கழிவு இவற்றில் ஒன்று கலந்தாலும் பறவைக் குட்டை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள், அல்லது அந்த இணைப்பை முதலில் துண்டியுங்கள்.

காரணம் இருக்கிறது. உலோகங்கள் செடியிலும் சேற்றிலும் தங்கும்; அழியாது. பாதரசம், செலினியம் போன்றவை புழு, மீன், பறவை என்று படிப்படியாகச் செறிந்துகொண்டே போகும். கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் வயல் வடிகால் தண்ணீரை விட்டார்கள். பார்க்க அருமையான பறவைக் குளம். 1983-ல் அலகும் கண்ணும் உருக்குலைந்த குஞ்சுகள் அங்கே தென்பட்டன. காரணம் வடிகாலோடு வந்த செலினியம். அந்தக் குளம் பறவைக்குப் பொறியாகிவிட்டது. நல்ல இடம் என்று நம்பி வந்து கூடுகட்டி ஏமாறுவதைவிட, அங்கே பறவை வராமலே இருந்திருக்கலாம்.

இன்னொன்று: இருக்கிற பாசனக் குளத்தையே சுத்திகரிப்புக் குட்டையாக்க நினைக்காதீர்கள். குளத்துக்கு வரும் கால்வாயில் சாக்கடையைத் திருப்பிவிட்டு "இயற்கையாகச் சுத்தமாகும்" என்று சொல்வது சுத்திகரிப்பு அல்ல. புதுப் பாத்திகளைக் குளத்துக்கு மேலே தனி நிலத்தில் வெட்டி, சுத்தமான தண்ணீர் மட்டும் குளத்துக்குப் போகும்படி அமையுங்கள். கூந்தன்குளம் போன்ற ராம்சர் தலத்துக்கு (உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம்) சுத்திகரிக்காத கழிவு போவதை 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளே தடுக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும், கால்வாயோ ஓடையோ தொடுகிற இடமானால் நீர்வளத் துறையின் சம்மதத்தையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

எவ்வளவு நிலம் வேண்டும்

600 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வெளியே வரும் என்றால் 600 × 55 × 0.8 = 26,400 லிட்டர். சுமார் 26 கன மீட்டர். படிவுத் தொட்டி (சேறு அடியில் தங்கும் முதல் தொட்டி) தாண்டி வரும் தண்ணீரின் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் கேட்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று வையுங்கள். இது கணக்குக்காக மட்டுமே. உங்கள் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உண்மை எண்ணை வாங்குங்கள். 26 கன மீட்டரில் நாளொன்றுக்கு 3.1 கிலோ.

தண்ணீர் மேலே தெரிய ஓடும் செடிப் பாத்தி, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 45 கிலோ வரை சுமை ஏற்றினால் 20 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் தண்ணீரை விடும். 60 கிலோ ஏற்றினால் 30 மில்லிகிராம்தான் கிடைக்கும். 2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த அளவு பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு 30 என்றது. ஆனால் அடுத்து பறவைக் குட்டை இருப்பதால் 20-ஐக் குறிவையுங்கள். அப்படியானால் 3.1-ஐ 45-ஆல் வகுத்தால் 0.07 ஹெக்டேர், அதாவது 700 சதுர மீட்டர், 17 சென்ட். பறவைக் குட்டைக்கு இன்னொரு 25 சென்ட். கரை, நடைபாதை, வேலி எல்லாம் சேர்த்து 60 சென்ட் கையில் இருந்தால் இடிபடாமல் வேலை செய்யலாம்.

நிலம் குறைவாக இருந்தால் பறவைக் குட்டையைச் சுருக்குங்கள். சுத்திகரிப்புப் பாத்தியில் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு, ஏனென்றால் திறப்பு விழாப் படத்தில் குட்டைதான் தெரியும்.

ஆவியாவதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 1,700 சதுர மீட்டரில் 10,000 லிட்டர் காற்றில் போய்விடும். 26,000 உள்ளே வந்தால் வெளியே 16,000. உப்பு அப்படியே நிற்பதால் அது 1.6 மடங்கு ஏறும். கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் இது சின்ன விஷயமல்ல.

மண்

இரண்டடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி அடையாளம் போடுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அடிப்பூச்சு வேண்டும். மானூர்ப் பக்கக் கரிசல் தானே தண்ணீர் பிடிக்கும். ஆனால் ஒரு தடவை காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்பு வழியே கழிவு நிலத்தடிக்குப் போய்விடும். கரிசல் பாத்தியை எந்தக் கோடையிலும் முழுக்கக் காயவிடக் கூடாது. செம்மண், சரள் நிலத்தில் குளத்துக் கரம்பையை 15 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அடுக்காகப் போட்டு, நனைத்து, உருளையால் இறுக்குங்கள். தேரி மணலில் கரம்பை மட்டும் நிற்காது. பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் ஒரு சாண் மண் பரப்பினால்தான் செடி வேர்விடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி வையுங்கள்.

படிவுத் தொட்டி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பி வலை, மணல் குழி, பிறகு இரண்டு நாள் தண்ணீர் தங்கும் இரண்டறைத் தொட்டி (6 × 4.5 × 2 மீட்டர்). வலையைத் தினமும் வாரவேண்டும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு சேறு ஏறியதும் லாரி வைத்து எடுக்கவேண்டும். இதற்கு ஆளும் பணமும் யார் என்று முடிவாகாத இடத்தில் மேற்கொண்டு எதுவும் வெட்டவேண்டாம்.

தொட்டிக்கு முன்னால் ஒரு மழை விலக்கு கட்டாயம். ஊரின் மழைத் தண்ணீரும் வாறுகாலில்தான் வருகிறது. வழக்கமான வரத்தைப்போல் மூன்று மடங்கு தாண்டினால் மீதி பக்கத்து ஓடைக்கு வழியும்படி ஒரு சிறு கலிங்கு கட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நெல்லைச் சீமையே மிதந்தது. அப்படிப்பட்ட மழையை எந்தப் பாத்தியும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே செடியும் சேறும் அடித்துக்கொண்டு போய்ப் பறவைக் குட்டையில் விழுந்தால் அது கட்டியவர் குற்றம்.

மூன்று பாத்தி

முதல் பாத்தி 250 சதுர மீட்டர், தண்ணீர் 40 சென்டிமீட்டர், முழுக்கச் செடி. இரண்டாவது 80 சதுர மீட்டர், கரை சரிந்து நடுவில் 1.2 மீட்டர் ஆழம், செடியில்லாத திறந்த தண்ணீர். மூன்றாவது 370 சதுர மீட்டர், மறுபடியும் 40 சென்டிமீட்டர், முழுக்கச் செடி.

நடுவில் ஏன் திறந்த தண்ணீர்? செடி அடர்ந்த பாத்திக்குள் வெயிலும் காற்றும் போகாது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. திறந்த இடத்தில் அது கொஞ்சம் ஏறும், வெயில் நோய்க்கிருமியையும் கொல்லும், மீன் தங்கவும் ஆழம் கிடைக்கும். ஆனால் இங்கே தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நின்றால் நம் வெயிலில் பச்சைப் பாசி கொதித்து எழும். "இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டினால் அழகாக இருக்கும்" என்று இந்தப் பாத்தியைப் பெருக்குவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு.

நீளம் அகலத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கட்டும். தண்ணீர் ஒரே குழாயில் விழாமல், அகலம் முழுக்கத் துளையிட்ட 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் பரவி விழவேண்டும். வெளியேறும் இடத்தில் திருகித் திருப்பக்கூடிய முழங்கைக் குழாய் வையுங்கள். அதைச் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். இருநூறு முந்நூறு ரூபாய் சாமான்தான், ஆனால் பின்னால் சொல்லப்போகும் பாதி வேலை இதை நம்பித்தான் நடக்கிறது. கையில் பணம் இருந்தாலும் மதகுக் கதவு வேண்டாம். துருப்பிடித்து ஒரு நிலையில் நின்றுவிடும்.

வாய்ப்பிருந்தால் இதே வரிசையைப் பாதிப் பாதியாக இரண்டு இணை வரிசையாக வெட்டுங்கள். ஒன்றைத் தூர்வாரும்போது மற்றது ஓடும்.

செடி பிடித்து முழு மட்டத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், மீன் விடுமுன், ஒரு சோதனை செய்யுங்கள். 25 கிலோ தூத்துக்குடி உப்பைக் கரைத்து முதல் பாத்தியின் வாயில் ஒரேயடியாக ஊற்றுங்கள். வீட்டுக் குடிநீர் இயந்திரத்துக்குப் பயன்படுத்தும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வெளிவாயில் மணிக்கு ஒருமுறை பிடியுங்கள். தண்ணீர் இந்தப் பாத்தியில் இரண்டரை நாள் தங்கவேண்டும். ஏழெட்டு மணி நேரத்திலேயே எண் எகிறினால் தண்ணீர் எங்கோ குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. அடிமட்டம் சரியில்லாத இடத்தைத் தேடி மேடு கட்டுங்கள்.

என்ன நடுவது

முதல் பாத்திக்குச் சம்பங்கோரை. அழுக்குக்கு அஞ்சாது. மூன்றாவதுக்கு நாணலும், பத்தமடைப் பாய்க்கு எடுக்கிற கோரையும் கலந்து. கரையோர ஈரத்துக்குக் கல்வாழை, வெட்டிவேர். அமலைச்செடியை (ஆகாயத்தாமரையை) எந்தப் பாத்தியிலும் விடாதீர்கள். சுத்திகரிக்கும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடியை வாரம் தவறாமல் அள்ள ஆள் கிடைக்காது. ஒரு செடி தப்பித்துக் கால்வாய்க்குப் போனால் தாமிரபரணியில் ஏற்கெனவே உள்ள தலைவலிக்கு நீங்களும் பங்காளி.

சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிழங்கு, ஆவணி வாக்கில் நடுங்கள். முதல் மூன்று வாரம் தண்ணீர் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர்தான். குருத்து நீர்மட்டத்துக்கு மேல் நிற்கவேண்டும், மூழ்கினால் அழுகிவிடும். தளிர் உயர உயர முழங்கைக் குழாயை நிமிர்த்துங்கள். முழுக் கழிவுநீரை மூன்று மாதம் கழித்தே விடுங்கள். அதுவரை கிணற்றுத் தண்ணீர் கலந்து பாதிச் சுமை. இந்த மூன்று மாதமும் ஆடு, எருமை, பன்றி உள்ளே வராத வேலி தேவை. நீலத் தாழைக்கோழிக்கு வேலி பொருட்டல்ல. இளங்குருத்தைப் பிடுங்கிச் சுவைப்பது அதன் வழக்கம், நட்டதில் கொஞ்சம் அதற்கும் என்று கூடுதலாக நடுங்கள்.

பறவைக் குட்டை

இனிதான் வாழிடம். இங்கே எல்லாவற்றையும் ஆழம்தான் தீர்மானிக்கிறது. ஜேசிபி ஓட்டுநரிடம் விட்டால் செங்குத்துக் கரையும் தட்டை அடியுமாகத் தொட்டிபோல் வெட்டிக் கொடுப்பார். அவருக்கு அதுதான் சுலபம். அதில் நீர்க்காகம் தவிர வேறு எதுவும் வராது. வெட்டுமுன் சுண்ணாம்பால் கோடு போட்டு, பக்கத்தில் நின்று வெட்டவையுங்கள்.

ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரும் ஈரச் சேறும் சிறு உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும். அதிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் வரை பவளக்கால் உள்ளான், அரிவாள் மூக்கன். முப்பது வரை நீலச்சிறகி, புள்ளிமூக்கு வாத்து போன்று தலையை மட்டும் கவிழ்த்து மேயும் வாத்துகள், நத்தைக்குத்தி நாரை, கொக்குகள். அரை மீட்டரில் அல்லியும் கொட்டியும் இலை விரித்தால் இலைக்கோழி. ஒரு மீட்டருக்கு மேல் முக்குளிப்பானும் நாமக்கோழியும். 1,000 சதுர மீட்டரில் இதையெல்லாம் வைக்க முடியும்: ஒரு பக்கக் கரையை ஒன்றுக்குப் பத்து என்ற சரிவில் (ஒரு மீட்டர் இறங்கப் பத்து மீட்டர் நீளம்) நீட்டுங்கள், எதிர்ப்பக்கம் ஒன்றுக்கு மூன்று போதும். ஆழமான இடம் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

செடியும் திறந்த நீரும் பாதிக்குப் பாதி. அந்தப் பாதியும் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வெளி என்று பிரியக் கூடாது. திட்டுத்திட்டாக, உள்ளே நுழைந்து வெளியே வரும் விளிம்புகளாக இருக்கவேண்டும். குஞ்சுகளோடு திரியும் நாமக்கோழிக்கு மேய்ச்சலும் ஒளிவிடமும் நாலு எட்டில் கிடைக்கவேண்டும். சம்பங்கோரையை இங்கே நடவேண்டாம். தானாக வந்துவிடும், வந்தால் மூன்று வருடத்தில் குட்டையை மூடும். அது ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் எளிதில் இறங்காது என்பதால் ஆழப்பகுதி அதற்கு அணை. மற்ற இடத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுத்து, தாளின் வெட்டு வாய் மூன்று வாரம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி மட்டத்தை வைத்தால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். மேலே அறுத்தால் முன்னைவிட அடர்ந்து முளைக்கும்.

நடுவில் ஒரு திட்டு. பத்துக்கு ஐந்து மீட்டர் போதும். உச்சி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே, சரளும் மணலும் பரப்பி மொட்டையாக. ஆள்காட்டியும் பவளக்கால் உள்ளானும் வெறுந்தரையில்தான் முட்டையிடும். கரையில் இட்டால் நாய்க்குப் போகும். கரைக்கும் திட்டுக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால்தான் நாய் தயங்கும்.

மரம்? கூந்தன்குளத்தைப் பார்த்தவர்களுக்குக் குட்டைக்கு நடுவே நாட்டுக்கருவை வைத்துச் சங்குவளை நாரை கூடு கட்டவேண்டும் என்ற ஆசை வரும். கூந்தன்குளம் 72 ஹெக்டேர். உங்களுடையது கால் ஏக்கர். அதில் ஐம்பது கூடு விழுந்தால் எச்சம் மட்டுமே பெரிய சுமை ஏற்றிவிடும். சுத்தம் செய்த தண்ணீர் மறுபடி அழுக்காகும். நாட்டுக்கருவை, மருதம், இலுப்பை எல்லாம் வெளிவாய்க்குக் கீழே, குட்டையை விட்டுத் தள்ளி நடுங்கள். கரையில் சீமைக்கருவேலம் தலைகாட்டினால் விரல் கனத்தில் இருக்கும்போதே வேரோடு எடுங்கள். வேர் கரையைத் துளைக்கும்.

ஆனி, ஆடியில் மேல்காற்று விடாமல் வீசும். மிதக்கிற செத்தை, பாசி, செத்த மீன் எல்லாம் கிழக்குக் கரையில் ஒதுங்கும். வெளிவாயைக் கிழக்கு மூலையில் வைத்தால் வாரத்துக்கு இருமுறை அடைக்கும். தெற்கிலோ வடக்கிலோ வைத்து, குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி 'டி' இணைப்புப் போடுங்கள்.

கொசு

ஊர்க்காரர் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கவேண்டியதும்தான், அழுக்குத் தண்ணீரில் பெருகும் கொசுதான் யானைக்கால் நோயையும் பரப்பும். கொசு திறந்த நீரில் பெருகுவதில்லை. சாய்ந்து மட்கிய கோரைக்கு இடையே, மீன் போக முடியாத இடுக்கில் பெருகும். ஆகவே மருந்தடிப்பதைவிட, சாய்ந்த தாளை மாசி, பங்குனியில் அறுத்து வெளியேற்றுவதும், ஆழப் பாத்தியிலிருந்து செடிக்குள் மீன் புகும் ஒரு முழ அகலச் சந்துகளை விடுவதும் பலன் தரும். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை வாங்கி விடுவது எளிது. ஆனால் அது தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது. தலையில் வெள்ளிப் பொட்டுள்ள சிறுமீனும் பனையேறிக் கெண்டையும் நம் வாய்க்கால்களிலேயே உண்டு. அவற்றைப் பிடித்து விடுங்கள். ஜிலேபிக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி இரண்டும் உள்ளே வரவே கூடாது.

கெட்டுப்போகும் நேரம்

ஏப்ரல் முதல் ஜூலை வரை கவனம். இரண்டு விஷயம் பறவையையும் மீனையும் கொல்லும்.

ஒன்று அம்மோனியா. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் நஞ்சு. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7 என்றால் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 9 ஆனால் நாற்பது பங்குக்கும் மேல். பாசி மிகுந்த குட்டையில் பிற்பகல் மூன்று மணிக்கு பிஎச் 9-ஐச் சுலபமாகத் தொடும். காலை பத்து மணிக்கு அளந்து "7.5, நல்லது" என்று எழுதிவைப்பதில் பயனில்லை. பிஎச்சைப் பிற்பகலில் அளங்கள். ஆக்சிஜனை விடியுமுன் அளங்கள். இரவெல்லாம் பாசியே அதைத் தின்று தீர்த்திருக்கும். இறால் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் சோதனைப் பெட்டி இரண்டுக்கும் போதும். மீன் அதிகாலையில் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு. பிற்பகலில் செத்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். பாசியைக் குறைக்க நிழல்தான் மருந்து: அல்லியை மூன்றில் ஒரு பங்குக்குப் பரவவிடுங்கள்.

இரண்டாவது பொட்டுலிசம். வெப்பமான, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஒரு நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்குகிறது. செத்த மீனிலோ பறவையிலோ அது பெருகும்; அந்தப் பிணத்தில் நெளியும் புழுவைத் தின்ற வாத்து சாகும்; அதில் மறுபடி புழு. ஒன்று பத்தாகப் பெருகுவது இப்படித்தான். அடையாளம்: வாத்து பறக்க முடியாமல் சிறகை அடித்துக்கொண்டு நகரும், பிறகு கழுத்து தொங்கிவிடும், தண்ணீரிலேயே தலை கவிழ்ந்து மூழ்கும். கோடையில் தினமும் காலையில் கிழக்குக் கரையோரமாக ஒரு நடை போய், கிடைக்கும் பிணத்தைக் கையுறையோடு எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். நான்கைந்து பறவை ஒன்றாகச் செத்தால் நீங்களே முடிவு கட்டாமல் கால்நடை மருத்துவரையும் வனத்துறையையும் கூப்பிடுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெயில் காலத்தில் நீர்மட்டத்தைத் திடீரென இறக்காதீர்கள். அப்போது சாகும் மீனும் பூச்சியும்தான் இந்த நஞ்சுக்கு முதல் தீனி.

நீர்மட்டம் இறக்குவது எப்போது என்றால், ஐப்பசி மழை ஓய்ந்து வலசைப் பறவை வந்த பிறகு. மார்கழி முதல் மாசி வரை வாரத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வீதம் மெல்ல இறக்கினால் புதுச் சேறு தினமும் கொஞ்சம் வெளிப்படும். உள்ளான்களுக்கு அதுவே பந்தி. பங்குனியில் நிறுத்தி, கூடு கட்டும் காலம் முடியும்வரை மட்டத்தை ஒரே நிலையில் வையுங்கள். பத்து சென்டிமீட்டர் ஏறினாலே முக்குளிப்பானின் மிதக்கும் கூடும் திட்டிலுள்ள முட்டையும் போய்விடும்.

வாழிடம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

பறவையை எண்ணுவது தொடக்கம் மட்டுமே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், ஒரே இடத்தில் நின்று எண்ணுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று ஒரு எழுத்து: மேய்கிறது, ஓய்வெடுக்கிறது, கூடு, குஞ்சு. பாத்தியில் எத்தனை, குட்டையில் எத்தனை என்று தனித்தனியாக. கூட்டம் முதல் பாத்தியில் இருந்து, குட்டை காலியாக இருந்தால் உங்கள் அமைப்பு தலைகீழாக வேலை செய்கிறது: பாத்தியில் செடி போதவில்லை, குட்டையில் ஆழம் சரியில்லை. ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நாள் சேர்ந்துகொண்டால், பறவை அடையாளமும் எண்ணும் முறையும் கைவரும். சுற்றுக் குளங்களோடு உங்கள் குட்டையை ஒப்பிடவும் முடியும்.

அதைவிட உண்மை சொல்வது சேறு. மாதம் ஒருமுறை, கைப்பிடி வைத்த சமையல் சல்லடையால் கரையோரச் செடியடியில் பத்து முறை வாரி, வெள்ளைத் தட்டில் கொட்டித் தண்ணீர் விடுங்கள். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அது இன்னும் சாக்கடைதான், மேலே எத்தனை நாரை நின்றாலும். தும்பிக் குஞ்சு, நீர்வண்டு, நத்தை, தலைப்பிரட்டை என்று ஆறேழு வகை கலந்து வந்தால் தண்ணீர் தேறிவிட்டது. முதல் ஆண்டு இரண்டு மூன்று வகைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுக்கும்போது இரண்டு புட்டி: மூன்றாம் பாத்தியின் வெளிவாயில் ஒன்று, குட்டையின் வெளிவாயில் ஒன்று. முதல் புட்டியில் பி.ஓ.டி. 20-க்குள் இருந்து, இரண்டாவதில் மலக் கிருமி எண்ணிக்கை கூடியிருந்தால் பதறவேண்டாம், அது பறவை எச்சம். ஆனால் அந்தத் தண்ணீரைக் கீரைக்கோ பச்சையாகத் தின்னும் காய்க்கோ பாய்ச்சாதீர்கள். தென்னை, தீவனப்புல், வாழை இவற்றுக்கு, அதுவும் இலையில் படாமல் அடியில் விடுங்கள். முதல் புட்டியே 30-ஐத் தாண்டினால் குட்டைக்குப் போகும் குழாயை மூடி, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, படிவுத் தொட்டியின் சேற்று மட்டத்தை ஒரு கம்பால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.